மூன்று சட்டிக் கிழங்கு

பேராச்சிக்கு அன்று காலையிலிருந்தே கோபம் மூக்கு நுனியில் நின்றது. மகன் மாரிக்கண்ணன் கட்டிக்கொள்ள ஆசைப்படும் மராத்திப் பெண் ஹரிதாவின் அம்மா சுலபா, விக்ரோலியிலிருந்து முதல்முறையாக வீட்டுக்கு வருகிறாள். வருகிறவள் சிராவண மாசத்துத் திங்கட்கிழமை பார்த்தா வர வேண்டும்? அவளுக்கு உபவாசமாம். உருளைக்கிழங்குதான் சாப்பிடுவாளாம்.

எதையாவது சாப்பிட்டே ஆக வேண்டும். பேராச்சியின் ஊர்ப்பக்கம், சம்பந்தம் பேசப் போன இடம் பிடிக்காவிட்டால் கை நனைக்க மாட்டார்கள். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. மாரிக்கண்ணனுக்கு முப்பத்திமூன்று வயது. தாராவியில் இரும்பு ஏணி ஏறிப் போகிற இந்த ஒற்றை அறையைப் பார்த்துவிட்டு, மூன்று பெண் வீட்டார் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து போயிருந்தார்கள். நான்காவதாக ஒருத்தி போவதைப் பார்க்கிற தெம்பு அவளுக்கு இல்லை.

விரதம்தானே, வெங்காயம் பூண்டு இல்லாமல் வைத்தால் போயிற்று என்று, அவித்த கிழங்கில் ஒரு பங்கை எடுத்து, கடுகு உளுந்து தாளித்து, மஞ்சள் போட்டுப் பிரட்டி இறக்கினாள். ஐரோலி ஆபீஸிலிருந்து மாரிக்கண்ணன் போன் செய்தான்.

"எம்மா, மஞ்சப்பொடி, கடுகெல்லாம் போட்றாத. உபவாசத்துக்கு ஆகாதாம். சீரகம், பச்சமொளகா, வேர்க்கடலப் பொடி மட்டுந்தானாம். ஹரிதா இப்பந்தான் சொன்னா."

"எறக்கி வச்ச பெறவு சொல்லுதியே! மஞ்சள் ஆகாத விரதம் எந்த ஊர்லல இருக்கு?"

"இந்த ஊர்லதாம்மா."

முப்பது வருஷமாக இருக்கிற ஊர். பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டாவது சட்டியை வைத்தாள். நெய், சீரகம், பச்சை மிளகாய், கிழங்கு, உப்பு. கடலைப் பொடியைத் தூவும்போது மறுபடி போன்.

"எம்மா, சாதா உப்பும் ஆகாதாம். இந்துப்புதான் போடணுமாம்."

"அவ ஒரே மூச்சுல சொல்ல மாட்டாளால? தவணையிலயா சொல்லுவா?"

லெதர் பட்டறைக்கு லீவு போட்டுவிட்டு உட்கார்ந்திருந்த கணவன் பூலோகம், முதல் சட்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "இதுக்கு என்ன கொற? நல்லாத்தான இருக்கு."

"நீரு ஒண்ணும் ருசி பாக்க வேண்டாம். கடைக்குப் போயி இந்துப்பு வாங்கிட்டு வாரும்!"

இந்துப்பு வந்தது. மூன்றாவது சட்டியில் நெய் காய்ந்தது. முப்பது வருஷத்துக் கை, யாரையும் கேட்காமல் அஞ்சறைப்பெட்டிக்குப் போய்க் கடுகை அள்ளிப் போட்டது. கிழங்கையும் கொட்டிப் பிரட்டிய பிறகுதான் வெள்ளைக் கிழங்கில் கறுப்புக் கறுப்பாக இருந்தது அவள் கண்ணில் பட்டது. தன் கையைத் தானே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. குக்கரில் தோல் உரிக்காத ஒரே ஒரு கிழங்குதான் மிச்சம்.

அந்த நேரம் பார்த்து சுலபா சேலையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க ஏணி ஏறி வந்தாள். வந்தவளின் கண் வரிசையாக இருந்த மூன்று சட்டிகளில் நின்றது.

"இஸ்மே ஹல்தி, மஞ்சள்" என்றாள் பேராச்சி, சட்டி சட்டியாகக் கை காட்டி. "இஸ்மே சாதா நமக், உப்பு. இஸ்மே ராய், கடுகு." அதற்குமேல் தாங்கவில்லை. எங்கள் பக்கம் பிடிக்காத வீட்டில்தான் சாப்பிட மாட்டார்கள், நீங்கள் சாப்பிடாமல் போனால் நான் என்னவென்று நினைப்பது என்று, தெரிந்த இந்தியில் எல்லாம் கொட்டித் தீர்த்துவிட்டு அழுதாள்.

சுலபா சிரிக்கவில்லை. காலையிலிருந்து நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டாள்.

பேராச்சி யோசித்துப் பார்த்தாள். டீ கூடக் குடிக்கவில்லை. "குச் நஹி."

"தோ ஆப்கா பீ உபவாஸ்." உங்களுக்கும் விரதம்தான் என்று சொல்லிவிட்டு, சுலபா குக்கரிலிருந்த கிழங்கை எடுத்துத் தோலை உரித்தாள். இரண்டாகப் பிட்டு இந்துப்பைத் தூவினாள். ஒரு பாதியைப் பேராச்சி கையில் வைத்து, மறுபாதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். வெறும் கிழங்குதான். பேராச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு அதை முழுசாகத் தின்றாள்.

சுலபா போனதும் மாரிக்கண்ணன் போனில் கேட்டான். "எம்மா, சாப்ட்டாங்களா?"

"பாதிக் கெழங்கு."

"பாதிதானா?" அவன் குரல் இறங்கியது. "மிச்சம்?"

"மிச்சத்த நான் தின்னுட்டேன்" என்றாள் பேராச்சி. "ஏலே, ஒம் பொண்டாட்டிட்ட சொல்லி வையி. இனிமே எதச் சொன்னாலும் மொத்தமாச் சொல்லணும்."