மூச்சு விடாத கிளாரினெட்

"இருபத்திமூணு பிள்ளைங்க வாத்தியத்தைத் தரையில வெச்சிட்டு துணியைத் தூக்கிக்கிட்டு ஓடணுமாம், இதுக்குப் பேரு—"

"துணி இல்ல மேடம், அது பேனல்—"

"நாலு பக்கமும் குழாய் மாட்டிட்டா துணி பேனல் ஆயிடுமா?"

"அதை மேல இருந்து பார்க்கணும். மேல இருந்து பார்த்தா அது பனிப்பாளம்."

"நான் இப்ப மேலதான் நிக்கறேன், ட்ரெண்ட். எனக்குத் துணிதான் தெரியுது."

மூன்று பேர் நின்றால் நாலாவது ஆளுக்கு இடமில்லாத இரும்புக் கோபுரம் அது. மேப்பிள் ஃபோர்க் உயர்நிலைப் பள்ளியின் பின்புறம், கால்பந்து மைதானத்தின் கோடுகளைத் தார்த்தரையில் வெள்ளைப் பெயிண்டால் போட்டிருந்த வண்டி நிறுத்துமிடத்தில் நின்றது. அந்தப் பள்ளியில் பதினாலு வருடமாகக் கிளாரினெட்டும் ஃப்ளூட்டும் சொல்லிக்கொடுக்கிற ரோண்டா கெஸ்லர் ஒரு பக்கம். அன்று காலைதான் டெக்சாஸிலிருந்து விமானத்தில் வந்து இறங்கியிருந்த ஷோ டிசைனர் ட்ரெண்ட் மேடாக்ஸ் மறு பக்கம். நடுவில், மைதானத்தில் அணிவகுத்து வாசிக்கிற பள்ளி பேண்டின் டைரக்டர் டேல் ஹட்ச்சின்ஸ். அவர் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தன் தலைக்கு மேல் நடக்கிற சண்டை வேறு யாருடைய வீட்டிலோ நடப்பதுபோல் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். கீழே தொண்ணூற்றொரு பிள்ளைகள் இந்தியானாவின் செப்டம்பர் வெயிலில் தண்ணீர் குடித்தபடி, காதில் எதுவும் விழாதவர்களாக நடித்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த வருடப் போட்டிகளுக்கான ஷோவுக்கு 'பனி பிளக்கும் நேரம்' என்று பெயர். முதல் இரண்டு பகுதியில் எல்லோரும் நடந்துகொண்டே வாசிப்பார்கள். சண்டை மூன்றாவது பகுதியைப் பற்றி. அதில் டிரம்பெட்டும் டிராம்போனும் மெல்ல மெல்லப் பொங்கி எழும்போது, கிளாரினெட், ஃப்ளூட் பிள்ளைகள் இருபத்திமூன்று பேரும் வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டு, ஏழடி உயர வெள்ளைப் பேனல்களைத் தூக்கிச் சுழற்ற வேண்டும். இரண்டரை நிமிடம். ஒரு சுரம்கூட அவர்களுக்குக் கிடையாது.

ட்ரெண்ட் வந்த இடம் அப்படி. அவன் பதினாறு வயதிலிருந்து டிரம் கோர் என்கிற அணிவகுப்பு வாத்தியக் குழுக்களில் வளர்ந்தவன். அங்கே பித்தளை ஊதுகருவிகளும் தோல் வாத்தியங்களும்தான். கிளாரினெட் என்ற பொருளே அந்த உலகத்தில் கிடையாது. ரோண்டாவுக்கு அந்த உலகத்தின் மேல் பகையில்லை. ஒவ்வொரு ஆகஸ்டும் டேலோடு இண்டியானாபோலிஸுக்குப் போய், ஸ்டேடியத்தின் உச்சி வரிசையில் உட்கார்ந்து கோர்களின் இறுதிப் போட்டியைப் பார்க்கிறவள்தான். போன முறை சீஸ் வழிகிற சிப்ஸைக் கையில் வைத்துக்கொண்டு அழுதிருக்கிறாள். ஆனால் அவர்கள் யார்? நாடெங்கும் இருந்து தேர்வு வைத்துப் பொறுக்கியெடுத்த, இருபத்தொரு வயதுவரைக்குமான பிள்ளைகள். கோடை முழுக்க ஊர் ஊராய்ப் பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தின் தரையில் படுத்து, நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் பயிற்சி செய்கிறவர்கள். இங்கே மூன்றரைக்கு ஆரம்பித்தால் ஆறு மணிக்கு அம்மாக்களின் கார் ஹாரன் அடிக்கும். ஒருத்திக்குப் பல் டாக்டர். ஒருத்தனுக்கு மளிகைக் கடையில் வேலை. பதினாலு வயதில் இடது கால் எது என்று இன்னும் யோசித்து எடுத்து வைக்கிறவர்களும் உண்டு.

ட்ரெண்டைக் கேட்டால், இதெல்லாம் சாக்கு. நடுவர்களின் தாளில் 'பார்ப்பவர்கள் மேல் உண்டாகும் தாக்கம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது, அந்தக் கட்டத்துக்குப் பிள்ளையின் வயது தெரியாது என்றான். அதோடு, கிளாரினெட் மேலே வரை கேட்பதில்லை, கேட்காத சத்தத்துக்கு எதற்கு இடம் என்றான்.

ரோண்டாவுக்கு அங்கேதான் பற்றிக்கொண்டது. கேட்காமல் போனது யாரால்? டிரம்பெட்டைப் பின்கோட்டில் நிறுத்தி ஊதச் சொன்னால் உச்சி வரிசையில் போய் அறையும். கிளாரினெட் அப்படியில்லை. அது துளை துளையாய்க் கசிகிற சத்தம். முன்னால் நின்றால்தான் உண்டு. இந்த மனுஷன் டிரம்பெட்டை வைக்கிற இடத்தில், டிரம்களுக்கும் பின்னால், பிள்ளைகளைக் கொண்டுபோய் வைத்தான். அப்புறம் கேட்கவில்லை என்றான். அப்புறம் கையில் துணியைக் கொடுத்தான்.

"முன்னாடி கொண்டு வந்தா என் பனி உடைஞ்சிடும் மேடம்."

"பனின்னா உடையத்தானே வேணும். ஷோ பேரே அதுதானே."

டேல் அப்போதுதான் வாயைத் திறந்தார். ஒரே ஒரு கிளாரினெட். எட்டே பார், அதாவது எட்டு தாளக்கட்டு. மைதானத்தின் முன்னால், மைக் வைத்து. மற்ற நேரம் எல்லோரும் பேனல் தூக்கட்டும். ட்ரெண்ட் தோளைக் குலுக்கினான். ரோண்டாவும் பிடிவாதம் விட்டு இறங்கி வந்தாள். இருபத்திமூன்று பேரின் சத்தத்துக்கு ஒருத்தியின் சத்தம். பேரம் மோசம்தான், ஆனால் ஒன்றுமே இல்லாததற்கு இது மேல் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த ஒருத்தி ஜோயெல் ஃப்ரீசன். பதினோராம் வகுப்பு, கிளாரினெட் கூட்டத்துக்குத் தலைவி. பஸ்ஸுக்கு நிற்கும்போதும், லாக்கர்களுக்கு நடுவிலும், சாப்பாட்டு வேளையிலும் அந்த எட்டு பாரை வாசித்து வாசித்து, தரை துடைக்கிறவரே அதை விசிலடிக்கும் அளவுக்குப் பள்ளிக்கூடத்துக்கே பாடமாகிவிட்டது. சிக்கல் ஐந்தாவது பாரில். பேனலைத் தூக்கிக்கொண்டு நாற்பது கஜம் ஓடி வந்து, அதைக் கீழே வைத்துவிட்டு, மைக் அருகே வைத்திருக்கும் கிளாரினெட்டை எடுத்து உடனே வாசிக்க வேண்டும். எட்டு பாருக்கு மூச்சு காணாது. உச்ச சுரத்துக்கு முன்னால் ஒரு தடவை மூச்சு எடுத்தே ஆக வேண்டும்.

மூச்சு மைக்கில் கேட்கும் என்று ஜோயெல் பயந்தாள். கேட்கட்டும் என்றாள் ரோண்டா. ஆள் வாசிக்கிறாள் என்று தெரியட்டுமே.

அடுத்த மாதம் வந்த சனிக்கிழமைப் போட்டியில், மரிம்பா என்கிற மரக்கட்டை வாத்தியத்தின் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்திய பெற்றோர்களோடு ரோண்டாவும் ஓரக்கோட்டில் நின்றாள். நல்ல காற்று. பேனல் பிள்ளைகள் பாய்மரம்போலத் தள்ளாடினார்கள். ஜோயெல் ஓடி வந்தாள், பேனலைப் படுக்க வைத்தாள், மைக்கின் முன்னால் நின்று கிளாரினெட்டை வாயில் வைத்தாள். ஒலிபெருக்கியிலிருந்து அந்த எட்டு பாரும் உருண்டு திரண்டு வந்தன. கொஞ்சம் அதிகமாகவே உருண்டு வந்ததாக ரோண்டாவுக்கு ஒரு நொடி தோன்றியது. மைக் அப்படித்தான் செய்யும் போலிருக்கிறது என்று விட்டுவிட்டாள்.

இரண்டாம் இடம். பதினோரு வருடத்தில் இவ்வளவு மேலே வந்ததில்லை. டேல் எல்லோரையும் கட்டிப்பிடித்தார். டெக்சாஸிலிருந்து ட்ரெண்ட் ஒரு செய்தி அனுப்பினான், ஆறு பனிப்பூப் படங்களோடு. ரோண்டாகூட அவனை மன்னித்துவிடலாமா என்று யோசித்தாள்.

திங்கட்கிழமை வகுப்பில் வழக்கம்போல நடுவர்களின் ஒலிப்பதிவைப் போட்டார்கள். ஷோ நடக்கும்போதே ஒவ்வொரு நடுவரும் மேலே உட்கார்ந்து தன் ஒலிப்பதிவுக் கருவியில் பேசிக்கொண்டே வருவார். பின்னால் வாத்திய சத்தம் ஓடும். பிள்ளைகள் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, யாருக்குத் திட்டு, யாருக்குப் பாராட்டு என்று காத்திருப்பார்கள். மூன்றாவது பகுதி வந்தது. நடுவரின் குரல் இளகியது. இந்தக் கிளாரினெட் யாரு, இவ்வளவு நீள வரியை ஒரே மூச்சில், எவ்வளவு சீரான நாதம், இந்தப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்தவருக்கு ஒரு சபாஷ் என்றார்.

பிள்ளைகள் தரையைக் கையால் தட்டினார்கள். ஜோயெல் தட்டவில்லை.

"நான் அங்க மூச்சு விட்டேனே."

"உனக்கு இன்னொரு நுரையீரல் முளைச்சிருக்கு, ஜோ. அதுக்கும் சேர்த்து யூனிஃபார்ம் தைக்கச் சொல்லு" என்றான் டியூபா வாசிக்கிற ஒருத்தன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் பாதி வாயால் சிரித்தாள்.

"இல்ல, விட்டேன். எப்பவும் அங்க விடுவேன்." அவள் ரோண்டாவைப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியும்ல, மிஸஸ் கெஸ்லர்?"

ரோண்டாவுக்குத் தெரியும். கடைசி வரிசையில் கீபோர்டு வாசிக்கிற பையன் அவ்வளவு நேரமும் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தான் என்பதும் தெரிந்தது. கட்டினதையே அவிழ்த்து, அவிழ்த்ததையே கட்டினான்.

மணி அடித்ததும் டேலின் அறைக்குப் போனாள். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை.

"மைக் வேலை செஞ்சுதா, டேல்?"

அவர் முதலில் காற்றைப் பற்றிச் சொன்னார். கிளாரினெட்டின் வாயில் பொருத்துகிற ரீடு காய்ந்துபோனால் கீச்சிடும் என்றார். அந்தப் பிள்ளையை நாலாயிரம் பேர் முன்னால் கூனிக் குறுக விட முடியாது என்றார். கடைசியில், மைக்கின் சத்தத்தை அடியோடு இறக்கி வைத்திருந்தது உண்மைதான் என்றார். அந்த எட்டு பாரும் கீபோர்டில் வந்தது, ட்ரெண்ட் பதிவு செய்து அனுப்பிய கிளாரினெட் சத்தம், ஒரு விரலால் அழுத்தினால் போதும். ஒரு பாதுகாப்புக்கு. விதியில் இடமிருக்கிறது.

"அவளுக்குத் தெரியுமா?"

டேல் பதிலுக்குப் போனை எடுத்து ட்ரெண்டைக் கூப்பிட்டு, மேஜைமேல் வைத்தார். தன் வாயால் சொல்ல முடியாததை வேறு யாராவது சொல்லட்டும் என்று இருந்திருக்கும்.

"எல்லாரும் பண்றதுதான் மேடம்" என்றது போன். "கோர்லயும் பண்றோம். போன வருஷம் எங்க ஷோவுல ஒரு பிடில் சத்தம் வந்தது, ஜனம் அழுதுச்சு."

"உங்க கோர்ல பிடில் கிடையாது. இல்லாததைப் பெட்டியில இருந்து எடுத்தீங்க, அதை மறைக்கவும் இல்ல. பிடிலைக் கையில குடுத்து ஒருத்தியை முன்னாடி நிறுத்தினீங்களா? இங்க கிளாரினெட் இருக்கு, ட்ரெண்ட். அவ ஓடி வந்து, மூச்சு வாங்க வாசிச்சா. நீங்க அவ வாயைப் பொத்திட்டு பெட்டியைப் பேச விட்டீங்க."

ட்ரெண்ட், வருகிற சனிக்கிழமை மண்டலப் போட்டி, காற்று இன்னும் பலமாக இருக்கும் என்று சொல்கிறார்கள், முடிவு உங்கள் கையில் என்று சொல்லி வைத்துவிட்டான்.

"அவன் சொல்றதுல பாதி சரி" என்றார் டேல். முகத்தை இரண்டு கையாலும் தேய்த்துக்கொண்டார். "தொண்ணூத்தொரு பேரு, ரோண்டா. இந்தப் பிள்ளைங்க ஸ்டேட் போட்டிக்குப் போனதே இல்ல. அவ ஒருத்தி பிசகினா?"

"பிசகட்டும். அது அவ பிசகா இருக்கட்டும்."

"மைக்கைத் திறக்க என்னால முடியாது."

"அப்போ அவகிட்ட நீயே சொல்லு. அந்த ஜட்ஜு பாராட்டினது ஒரு பெட்டியைன்னு சொல்லு. இருபத்திமூணு பேரை ஊமையாக்கினீங்க, நான் ஒருத்திக்காகப் பேரம் பேசி இறங்கி வந்தேன். அந்த ஒருத்தியையும் எடுத்துக்கிட்டீங்க. என் பேருக்கு ஒரு சபாஷ் வேற. அது எனக்கு வேணாம், டேல்."

சனிக்கிழமை முடியட்டும், அதுவரை அவளிடம் எதுவும் சொல்லாதே என்று டேல் குரலைத் தாழ்த்தினார். கெஞ்சினார் என்றுகூடச் சொல்லலாம். முடிந்ததும் தானே உட்கார வைத்துச் சொல்வதாகச் சத்தியம் செய்தார்.

ரோண்டா திரும்பினாள். தான் உள்ளே வரும்போது கதவைச் சாத்தவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. வாசலில் ஜோயெல் நின்றிருந்தாள். ஒரு கையில் கிளாரினெட் பெட்டி, தோளில் புத்தகப் பை. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று கேட்க இரண்டு பெரியவர்களுக்கும் தைரியம் வரவில்லை. அவள் அழுதிருக்கவில்லை. திறந்திருந்த கதவையே மரியாதைக்கு ஒரு தட்டுத் தட்டிவிட்டு, டேலைப் பார்த்துக் கேட்டாள்.

"சனிக்கிழமை நான் அங்க வந்து வாசிக்கணுமா சார், இல்ல வாயில வெச்சிக்கிட்டு நின்னா போதுமா?"