அப்பா கட்டிலைக் கொடுத்துவிட்டார்

வேலை முடிந்து நான் படியேறிக்கொண்டிருந்தபோது எதிரே ஒரு கட்டில் இறங்கி வந்தது. முன்னால் எங்கள் குடியிருப்பின் வாட்ச்மேன், பின்னால் அவருடைய மச்சான். படி வளைகிற இடத்தில் கட்டில் சுவரில் முட்டி நின்றுவிட்டது. ஊருக்கு உபகாரம் என்றால் நான் முதல் ஆள். பையைக் கீழே வைத்துவிட்டு, ஒரு காலைப் பிடித்துச் சாய்த்துத் திருப்பிக் கொடுத்தேன். "ரொம்ப நன்றி சார். பெரியவர்கிட்டயும் சொல்லிடுங்க" என்றார் வாட்ச்மேன். எந்தப் பெரியவர் என்று யோசித்தபடியே எங்கள் வாசல்வரை ஏறிவிட்டேன். இந்த மூளையைத்தான் கம்பெனி வெளிநாட்டுக்கு அனுப்புகிறது.

குளிர்பதனக் கிடங்கில் எனக்கு வேலை. மீனும் மருந்தும் கெடாமல் பார்த்துக்கொள்கிறவன். தென்கிழக்கு ஆசியாவில், வருஷம் முழுக்க வேர்த்து வழிகிற ஒரு பெரிய நகரத்தில், கம்பெனி புதுக் கிடங்கு கட்டியிருக்கிறது. அதற்கு நான் மேலாளர். வீடு தருகிறார்கள், மகளுக்குப் பள்ளிக்கூடம், எங்கள் மூன்று பேருக்கு விசா. கம்பெனியைப் பொறுத்தவரை குடும்பம் கீழ்நோக்கித்தான் வளரும். மேலே யாரும் கிடையாது; நான் சுயம்பு. அப்பா வரமுடியாது என்பது எனக்குத் தெரியும், மனைவிக்குத் தெரியும், அவருக்காகப் பார்த்து வைத்திருக்கும் முதியோர் இல்லத்தின் மேற்பார்வையாளருக்கும் தெரியும்.

அப்பாவிடமும் சொல்லியாயிற்று என்றுதான் நினைத்திருந்தேன். எங்கள் வீட்டில் எதையும் நேராகச் சொல்கிற வழக்கமில்லை. அப்பா ஆயுள் முழுக்க ஊராருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். அம்மாவுக்கு வந்த நோயைக்கூட, "உங்கம்மாவுக்கு இன்ஜினை எறக்கிப் பாக்கணுமாம்" என்றுதான் சொன்னார். அதே பழக்கத்தில், மாற்றல் உத்தரவு வந்த அன்று சாப்பிட உட்கார்ந்தபோது, "அப்பா, உங்கள மடிச்சு சூட்கேஸ்ல வச்சாத்தான் உண்டு" என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். பெரிய பாரம் இறங்கியது போலிருந்தது. மறுநாளிலிருந்து அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு வராண்டாவில் போவதும் வருவதுமாக இருந்தார். டாக்டர் சொல்லியிருப்பார் என்று விட்டுவிட்டேன்.

அப்பாவின் அறையில் இப்போது ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் அதில் அப்பாவும்தான் மிச்சம்.

"கட்டில் எங்கப்பா?"

"வாட்ச்மேன் பொண்ணு பிரசவத்துக்கு வந்திருக்குடா. தரையிலயே படுக்குதாம். எடுத்துட்டுப் போன்னுட்டேன். ஏன், உன் கம்பெனி அங்க எனக்கு ஒரு கட்டில்கூடவா தராது?" என்றார். "ஏர்போர்ட்ல நிறைய நடக்கணுமாமே. இப்ப வராண்டா முழுக்க ஒரே மூச்சுல நடக்கறேன், தெரியுமா?"

சமையலறையில் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு நின்றாள். "சொல்லிட்டேன்னீங்களே?"

"சொன்னேனே."

"என்னன்னு?"

சூட்கேஸ் கதையைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "போய்ச் சொல்லுங்க. பல்லைக் காட்டாம சொல்லுங்க."

நாற்காலிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"என்னடா, ரேடியேட்டர்ல தண்ணி இல்லாத மாதிரி மூஞ்சி?"

"உங்களுக்கு விசா கிடையாதுப்பா. எங்க மூணு பேருக்குத்தான்."

அவர் முகத்தில் சிரிப்பு தயாராக நின்றது. மீதி வந்ததும் சிரிக்கலாம் என்று காத்திருந்தார். மீதி வரவில்லை.

"உங்களுக்கு ஒரு இடம் பாத்திருக்கேன். நல்ல இடம்பா. தோட்டமெல்லாம் இருக்கு." அவர் தன் வாழ்நாளில் ஒரு செடிக்கும் தண்ணீர் ஊற்றியதில்லை.

சிரிப்பு அவர் முகத்திலிருந்து மெல்ல இறங்கிப் போனது. "இண்டிகேட்டரே போடாம திரும்பிட்டியேடா" என்றார்.

"நான் போகலைன்னு சொல்லிடறேன்பா."

சொல்லும்போதே அது பொய். இந்த வீட்டுக்கு வேறு ஆள் வந்து பார்த்துவிட்டுப் போயாயிற்று. ஆபீசில் என் நாற்காலியில் இன்னொருவன் உட்கார்ந்தும் ஆயிற்று.

"சும்மா ஹாரன் அடிக்காத."

"வாட்ச்மேன்கிட்ட கேட்டு கட்டிலையாவது..."

"புள்ளத்தாச்சியை எழுப்பி விட்டுட்டு நான் படுக்கணுமா?"

"அப்ப எங்க ரூம்ல படுங்க."

"வேணாம். என்னைக் கீழ எறக்கு."

முழங்கால் மடங்காத மனிதரைத் தரையில் இறக்குவது எப்படி என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. மனைவி ஒரு போர்வையை நான்காக மடித்துப் போட்டுவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போனாள். நான் அவர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினேன். பயந்த அளவுக்குக் கனமே இல்லை. கனமாகவே இருந்திருக்கலாமே என்றிருந்தது. "கிளட்ச்ச மெதுவா விடு... மெதுவா..." என்று எத்தனையோ பேருக்குச் சொன்ன அதே குரலில் சொல்லிக்கொண்டே வந்தார். பாதியில் அவர் முழங்கால் பூட்டிக்கொண்டது. குரல் நின்றுவிட்டது. மேலே தூக்க வரவில்லை, கீழே விடவும் முடியவில்லை. மழிக்காத அவர் கன்னம் என் கழுத்தில் உரச, ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தபடி அப்படியே நின்றோம். என் சட்டையை முதுகுப்பக்கம் அவர் கொத்தாகப் பிடித்திருந்தார். அந்தப் பிடி இறுகிக்கொண்டே போனது.