எந்த ஊர்க் கோர்ட்டு

இரண்டு நாட்டு நீதிமன்றங்களும் ஒரே வாரத்தில் "எங்களுக்கு அதிகார வரம்பு இல்லை" என்று கைவிரித்த நாளிலிருந்து, மரம் ஏற்றிப் போன அந்தக் கப்பலில் இருந்த பதினோரு பேருக்கும் வயது ஏறவில்லை. துறைமுக மருத்துவர் வருடம் ஒருமுறை போய்ப் பார்த்து, பல், முடி, பார்வை எல்லாம் போன வருடம் போலவே என்று எழுதிவைத்தார். மரத்தில் பூச்சி என்று சொல்லி வாங்கியவர் இறக்க மறுத்தார், விற்றவர் திருப்பி எடுக்க மறுத்தார். வழக்கு முடியும்வரை யாரும் கரையேறக் கூடாதென்று இரண்டு துறைமுகங்களும் சொல்லிவிட்டன. முடித்துவைக்கத்தான் ஆளில்லை. எந்த ஊர் நீதிமன்றம் விசாரிப்பது என்று ஒப்பந்தத்தில் இருக்கவேண்டிய வரி காலியாக இருந்தது.

அந்த ஒப்பந்தத்தைத் தட்டச்சு செய்தவள், கப்பலின் எஞ்சின்காரனுடைய மனைவி. இரு தரப்பும் தங்கள் ஊர்தான் என்று மல்லுக்கு நின்றதால், "இடம் விட்டு அடிம்மா, சாயங்காலம் பேசி முடிச்சுச் சொல்றேன்" என்றார் அவளுடைய ஆபீஸ் மேலாளர். சாயங்காலம்வரை அவள் இருக்கவில்லை. மறுநாள் கணவன் கப்பலேறுகிறான், அவளுக்கு நாலு மாதம். மூன்று மணிக்கே கிளம்பிவிட்டாள். காகிதம் அப்படியே கையெழுத்தாகிவிட்டது.

பிறகு ஞாயிறுதோறும், கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நின்ற கப்பலுக்குச் சாமான் கொண்டுபோகும் படகில் போய், கீழே நின்றபடி அவனோடு கத்திப் பேசினாள். உறவுக்காரர்கள் ஏறக் கூடாது. மகள் பிறந்ததைக் கத்திச் சொன்னாள், பல் முளைத்ததை, பள்ளியில் சேர்த்ததை, கல்யாணம் முடிவானதை. அவளுடைய முதல் நரையைப் பார்த்து அவன் கேலி செய்தான். அடுத்தடுத்த நரைகளைப் பார்த்தும் பாராததுபோல் இருந்தான். காலி வரியை மட்டும் அவள் சொல்லவில்லை. பதினோரு பேர் காதுபடக் கத்துகிற சங்கதியா அது?

இருபத்தேழாவது வருடம் இரு நாடுகளுக்கும் புதிய உடன்படிக்கை வந்தது. கப்பல் நிற்கும் தண்ணீர் எங்களுடையதுதான் என்று இக்கரை நீதிபதி ஒருவர் வழக்கை எடுத்தார். அரை நாளில் முடிந்துவிட்டது. மரத்தில் பூச்சி இல்லை.

முப்பத்திரண்டு வயதில் அவன் இறங்கி வந்தபோது அவளுக்கு ஐம்பத்தெட்டு. மருமகன் மாமனாரைவிட ஒரு வயது மூத்தவன். எதற்கும் இருக்கட்டுமென்று "மாமா" என்றே கூப்பிட்டான். மகள் மட்டும் "அப்பா" என்று சொல்லிப் பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அன்று சமையலறையில் மனைவி அவனிடம் சொல்லிவிட்டாள். "அந்த வரிய காலியா விட்டது நான்தாங்க. இன்னும் ரெண்டு மணி நேரம் இருந்திருக்கலாம்."

அவன் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். "சீக்கிரம் வா, சீக்கிரம் வான்னு ஆபீசுக்கு நாலு தடவை போன் பண்ணினது யாரு?"



அடுத்த வாரமே அவன் ஒரு பம்பு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தான். "பையன் வந்திருக்கானா?" என்று கேட்ட பக்கத்து வீட்டுக்காரியிடம், "வீட்டுக்காரர்" என்றாள். "ஓ, கப்பல்ல இருந்தாரே, அவரா?" என்று கேட்டுவிட்டு அந்தப் பெண் குழாயடிக்குப் போய்விட்டாள். மாலையில் இருவரும் கடைத்தெருவரை போய்வருவார்கள். அவளுக்கு மூட்டுவலி. அவன் மெல்ல நடக்கப் பழகிக்கொண்டான்.