சிசிலியா சொன்ன மகள்

டாக்டர் பட்டம் கைக்கு வந்த மாதிரிதான் என்ற தெம்போடு ஜோஸ்லின் அன்று போர்ட் பிளேரின் டாலிகஞ்சுக்கு ஆட்டோ ஏறினாள். சென்னையில் வாய்மொழித் தேர்வு மட்டும் பாக்கி. அது முடிந்தால் அங்கேயே விரிவுரையாளர் வேலை என்று நெறியாளர் வாக்குக் கொடுத்திருந்தார். சுனாமிக்குப் பிறகு அந்தமானுக்குச் சமூக மனநலம் ஆராய வந்தவர்களுக்குப் பஞ்சமே இல்லை. வந்தார்கள், கேட்டார்கள், அடுத்த விமானத்தில் பறந்தார்கள். ஜோஸ்லின் போர்ட் பிளேரிலேயே பிறந்தவள், வருஷம் தவறாமல் வந்தவள். அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு.

அவள் ஆய்வுக்கு உயிரே சிசிலியாதான். கச்சால் தீவில் மகளை அலைக்குப் பறிகொடுத்து, தகரக் கொட்டகை முகாமில் அழுது, பேசிப் பேசியே தேறியவள். மாற்றுப் பெயரில் ஒரு முழு அத்தியாயம் அவளுக்கு. அதைத் தமிழில் படித்துக் காட்டத்தான் ஜோஸ்லின் இன்று அவள் வீட்டுக்கு வந்திருந்தாள்.

சிசிலியாவோடு பக்கத்து வீட்டு மருதாயியும் உட்கார்ந்து கேட்டாள். மருதாயி சிலோன் மலைத்தோட்டத்திலிருந்து வந்த குடும்பம். கச்சாலில் ரப்பர் பால் வெட்டியவள். முதல் வருஷம் கேட்டபோது "எனக்கு ஒண்ணும் இல்லைங்க" என்றாள். 'பாதிப்பு இல்லை' என்று குறித்துக்கொண்டதோடு ஜோஸ்லின் அவளை விட்டுவிட்டாள். ஆனாலும் சிசிலியா மகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் மருதாயி வந்து ஒட்டி உட்கார்ந்துகொள்வாள். நல்ல சிநேகிதி என்று ஜோஸ்லின் மெச்சியதுண்டு.

"அந்தத் தாய் இன்று முழுமையாக மீண்டுவிட்டாள்" என்று ஜோஸ்லின் படித்து முடித்தாள். சிசிலியா தலையைக் குனிந்துகொண்டாள். மருதாயி டீ போட உள்ளே போனாள்.

அப்போதுதான் சிசிலியாவின் கணவன் மத்தியாஸ் வந்தான். தீவுக் கப்பலில் சமையல்காரன். இத்தனை வருஷத்தில் ஜோஸ்லின் கண்ணில் படாதவன்.

"உங்க மகளோட போட்டோ ஏதாவது இருக்காண்ணா? ஆய்வேட்டை அவளுக்குத்தான் சமர்ப்பிக்கிறேன்" என்றாள்.

"எந்த மவ?" என்றான் மத்தியாஸ். "நமக்கு ஒரே பையன்தான மேடம். ஜோஸ்வா. மெயின்லேண்ட்ல காலேஜ் படிக்கான்."

துக்கம் தாளாமல் மறுக்கிறான் என்றுதான் ஜோஸ்லின் முதலில் நினைத்தாள். படித்த படிப்பு அப்படி. பிறகு சிசிலியாவின் முகத்தைப் பார்த்தாள். கையிலிருந்த அத்தியாயத்தை மூடி வைத்தாள்.

"அக்கா?"

"ஏமாத்தணும்னு இல்ல மேடம்." சிசிலியா சொன்னாள். "கேம்புல டெய்லி ஒரு சர்வேவாலா வருவான். மருதாயி பொண்ணு திவ்யா எப்படிப் போனான்னு அவ கிட்ட நோண்டி நோண்டிக் கேப்பாங்க. ஒவ்வொரு தடவையும் அவளுக்கு மூச்சே நின்னுரும். ரேஷனுக்கு ஒருத்தி, தண்ணிக்கு ஒருத்தின்னு நாங்க முறை வச்சிருந்தோம்ல, அதே மாதிரி இதைச் சொல்றதுக்கு நான்னு பொம்பளைங்க எல்லாம் பேசி வச்சோம். பறிகொடுத்தவ வாயால சொன்னாத்தான் எழுதுவோம்னாங்க. அதான் என் பொண்ணுன்னே சொன்னேன்."

"நானும் சர்வேக்காரியா? இத்தனை வருஷமா வர்றேனே."

"நீங்களும் மொத நாள் பேனாவோடதான வந்தீங்க. அப்புறம் பாசமாயிட்டீங்க. எந்த வாயால சொல்லுவேன்?"

வெட்கக்கேடு, ஜோஸ்லினுக்கு முதலில் நினைவு வந்தது சென்னை வேலைதான். அத்தியாயம் போயிற்று, பட்டமும் போயிற்று. சிசிலியா தேறாமல் என்ன செய்வாள்? அவள் பிள்ளைதான் குத்துக்கல்லாட்டம் இருக்கிறானே. அப்படியென்றால் பிள்ளையைப் பறிகொடுத்தவள்? இதே அறையில், கைக்கெட்டும் தூரத்தில், வாயை இறுக மூடிக்கொண்டு வருஷக்கணக்காக உட்கார்ந்திருந்தவள்?

மருதாயி டீயைக் கொண்டுவந்து வைத்தாள். அடுப்படி எட்டவா இருக்கிறது, எல்லாம் காதில் விழுந்திருக்கும். எப்போதும் போல சிசிலியாவை ஒட்டி உட்காராமல், ஜோஸ்லினுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அக்காவ ஏசாதீங்க மேடம். அது சொல்றப்ப, வேற யாரு புள்ளையோ போன மாதிரி இருக்கும் எனக்கு. அதுக்காகத்தான் வந்து வந்து குந்துவேன்."

ஜோஸ்லின் அவள் கையைப் பிடிக்கப் போனாள். மருதாயி கையை மடியிலிருந்து எடுக்கவில்லை.

"அந்தத் தாய் நல்லாயிட்டான்னு இப்ப வாசிச்சீங்களே" என்றாள். "நீங்க படிச்சவங்க, தெரிஞ்சுதான எழுதியிருப்பீங்க. நான் எப்ப மேடம் நல்லாவேன்?"