பதினைந்தாவது அடியிலிருந்து

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குப் பல் டாக்டர் அறை வாசலில் கிடைத்தது. சுவரில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. பெண்கள் டென்னிஸ். பந்து இங்கும் அங்கும் பறந்துகொண்டிருந்தபோதே திரையில் ஒரு கைக்குழந்தை வந்தது. ஆடுகிறவளின் பிள்ளையாம். திரை ஆட்டத்துக்குத் திரும்பி வந்தபோது ஸ்கோர் மாறியிருந்தது. என்ன நடந்தது என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டேன். குழந்தைக்கு அப்படியே அம்மா ஜாடை என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பல்வலி வேறு.

2

முதல் வரி: 'முப்பத்துநான்கு வயதிலும் ஒல்லியாக, களையான முகத்தோடு அவள் மைதானத்தில்—'

[அடித்துவிட்டேன். யாரைத் திட்ட உட்கார்ந்தேனோ அவர்கள் வேலையை நானே செய்கிறேன். இதை எழுத எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.]

சரி, அவளை விட்டுவிட்டு அவளுடைய அக்காவிடமிருந்து தொடங்குகிறேன். அக்காவுக்கு ஒரு விளையாட்டுச் சேனலில் எடிட்டர் வேலை. ஜன்னல் இல்லாத அறை, இரண்டு திரை, எந்நேரமும் குளிர். முழு ஆட்டத்தையும் இரண்டு நிமிடமாக வெட்டித் தருவாள். பதினோரு வருடமாக வெட்டுகிறாள். ஆண்கள் ஆட்டம் என்றால் எந்த அடியை விடுவது என்று மண்டையை உடைத்துக்கொள்வாள். பெண்கள் ஆட்டம் என்றால் கொஞ்சம் கண்ணீர், ஒரு கணவர், கோப்பைக்கு ஒரு முத்தம். தேநீர் ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடும்.

3

நேற்று தங்கை தன் கடைசி ஆட்டத்தை ஆடித் தோற்றாள். முழங்கால் இனித் தாங்காது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். இன்று மதியம் அக்காவுக்குப் போன் செய்தாள். தோற்றதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கேட்டது ஒன்றே ஒன்று.

"மூணாவது செட்ல ஒரு பாயிண்ட்க்கா. ரொம்ப நேரம் போச்சு, கடைசில நான்தான் எடுத்தேன். என் வாழ்க்கையிலயே அப்படி ஒண்ணு ஆடினதில்ல. அத மட்டும் வெட்டிக் குடு. வேற எதுவும் வேணாம்."

லைனிலேயே இரு என்று சொல்லி, போனை ஹோல்டில் போட்டுவிட்டு அக்கா தேடினாள். கிடைத்தது. பதினான்கு அடி வரை கண்கொள்ளாக் காட்சி. பதினைந்தாவதில் திரை காலரிக்குத் தாவிவிட்டது. மூன்றாவது வரிசையில் பச்சைத் தொப்பியோடு தங்கையின் மகள், அவிழ்ந்துபோன ஷூ கயிற்றைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். பந்தின் சத்தம் மட்டும் கேட்டது. அக்கா எண்ணினாள். முதல் அடியிலிருந்து மொத்தம் முப்பத்தொன்று. பிறகு கூட்டம் கத்தியது. குழந்தை நிமிர்ந்து பார்த்தாள்.

(வேறு கேமராவில் இருக்குமே என்பீர்கள். ஆண்கள் ஆட்டத்துக்கு ஒவ்வொரு கேமராவின் பதிவையும் தனித்தனியாகச் சேமித்து வைப்பார்கள். ஓரத்து மைதானத்தில் நடக்கும் பெண்கள் ஆட்டத்துக்கு ஒளிபரப்பானது மட்டும்தான் மிஞ்சும். இந்தச் சேனலின் வழக்கம் அது. கதைக்காக மாற்றலாமா என்று யோசித்தேன், மனசு வரவில்லை.)

4

இங்கே ஒரு வில்லன் வேண்டும். எந்தக் கேமரா எப்போது என்று முடிவு செய்கிற ஒளிபரப்பு இயக்குநர் தோதான ஆள். தடித்த குரல், வாயில் எப்போதும் சூயிங்கம். அவரை நாறடித்து ஒரு பத்தி எழுதினேன். 'அந்த ஆளுக்குப் பெண்கள் ஆடுவதே—'

[இதையும் அடித்துவிட்டேன்.]

ஒவ்வொரு பெண்கள் ஆட்டத்துக்கு முன்பும், காலரியில் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் அவர் கைக்குப் போகும். எழுதுவது எடிட்டர்கள். நேற்றைய பட்டியல் அக்காவின் கையெழுத்தில் இருந்தது: 'மூன்றாவது வரிசை, பச்சைத் தொப்பி, மகள். சிரித்தால் விடாதீர்கள்.'

வீட்டில் அப்பா பேத்தியை டிவியில் பார்க்க ஆசைப்பட்டிருந்தார். அதற்காகத்தான் எழுதினாள். இயக்குநர் அதன்படியே செய்தார். பட்டியல் நினைவுக்கு வந்ததும் அக்கா திரையை அப்படியே நிறுத்தினாள். அவளை நினைத்தால் எனக்குத் துக்கமாக இருக்கிறது.

5

முடிவு ஒன்று: பதிவு அழிந்துவிட்டதென்று பொய் சொல்கிறாள். தங்கை நம்பிவிடுகிறாள். [கோழைத்தனம். அக்காவுடையதா என்னுடையதா, தெரியவில்லை.]

முடிவு இரண்டு: உண்மையைச் சொல்லி, பட்டியலைக் கிழித்து, வேலையையும் விட்டுவிட்டு— [சுத்த சினிமா. நாளைக்கு இன்னொருவர் பட்டியல் எழுதுவார்.]

முடிவு மூன்று: காணாமல் போன பதினேழு அடிகளையும் நானே எழுதிவிடுவது. உட்கார்ந்தேன். 'பந்து மூலைக்குப் போனது. அவள் ஓடினாள். அந்த நேரம் பார்த்து மகள்—' பேனாவை மூடி வைத்தேன். வெட்கமாக இருந்தது.

6

ஆக, எனக்குத் தெரிந்தவரை நடந்தது இவ்வளவுதான். அக்கா போனை எடுத்து, அந்தப் பாயிண்ட்டை எப்படி ஆடினாய் என்று தங்கையிடமே கேட்டாள். நேரத்தைக் கடத்தத்தான் கேட்டாள்.



"ஞாபகம் இல்லக்கா. ஆடும்போது பந்து மட்டும்தான தெரியும். நான் எப்படி ஆடினேன்னு உன் டிவிலதான் பாக்கணும்."

இப்போது அக்கா பதில் சொல்லியாக வேண்டும். நான் எழுதிக்கொடுத்த ஒரு வாக்கியத்தையும் அவள் வாயில் வாங்க மாட்டேன் என்கிறாள். அவளைக் குற்றம் சொல்ல முடியவில்லை. உங்களுக்கு ஏதாவது தோன்றினால் சீக்கிரம் சொல்லுங்கள். அந்தப் பக்கத்தில் தங்கை கேட்டுவிட்டாள்.

"கெடச்சிடுச்சாக்கா?"