ஒன்றரை இஞ்ச்

கடையின் பக்கச் சுவரில் அம்புக்குறி போட சர்வேயர் வந்த அன்றைக்கு ஏசுபாதம் அவரிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"சார், இந்தக் கோடு கீதே, வெட்டு கோட்டு மேலயா வுழும், கோட்டுக்கு வெளியவா?"

சர்வேயர் முத்துசாமி சிவப்புப் பெயிண்ட் தோய்ந்த பிரஷ்ஷை அப்படியே நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "இன்னா மாஸ்டர், துணின்னு நெனச்சிட்டியா? இது நெலம்யா. கோடுன்னா கோடு."

அது ஒரு பதிலா? டெய்லர் கடையில் அப்படிப் பேசினால் பேண்ட் தைத்த மாதிரிதான். சாக்பீஸ் கோட்டில் தையல் விழும், கத்தரி அதற்கு வெளியே ஓடும். இரண்டுக்கும் நடுவே ஏசுபாதம் ஒன்றரை இஞ்ச் விடுவார். மற்ற டெய்லர்கள் முக்கால் இஞ்ச் விட்டாலே பெரிய விஷயம். அணுபுரம் குவார்ட்டர்ஸ் அம்மாக்கள் மூன்று கடையைத் தாண்டி இவரிடம் பள்ளிக்கூட யூனிஃபார்ம் கொண்டுவந்து கொடுத்தது அந்த ஒன்றரை இஞ்சுக்காகத்தான். பிள்ளை வளர்ந்தால் அடுத்த வருஷம் பிரித்து விட்டுக்கொள்ளலாம். 'உள்ள துணி வுடுற டெய்லர்' என்றால் சுற்றுவட்டாரத்தில் தெரியாதவர் கிடையாது.

செங்கல்பட்டிலிருந்து புதுப்பட்டினம் போகிற வழியில் இருக்கிறது செங்கழனிப்பேட்டை. அதன் பஜாரில் இருபத்திரண்டு கடைகள். மாமல்லபுரம் போகிற பஸ்ஸும் மறைமலைநகர் கம்பெனி பஸ்ஸும் எதிரெதிரே வந்துவிட்டால் இரண்டில் ஒன்று பின்னால் போயாக வேண்டும். அதனால் 1997-இல் பேரூராட்சி ஒரு முடிவு எடுத்தது. தெருவை அகலப்படுத்துவது, ஓரத்துக் கடைகளின் முன்பக்கத்தைப் 'பொது நோக்கத்துக்காக' எடுத்துக்கொள்வது. யாருடைய நோக்கம் என்று கேட்கக்கூடாது, அதனால்தான் பொது.

தெரு வளைந்து வளைந்து போவதால் கடைக்குக் கடை போகிற அளவு வேறு. பக்கத்துப் பாத்திரக்கடை சதாசிவத்துக்கு நாலு அடி. எதிர்வரிசையில் ஒருவருக்கு ஒன்பது. ஏசுபாதத்தின் கடை பத்தடி அகலம், பதினெட்டடி நீளம். சர்வேயர் கிளம்பிய கையோடு அவர் இஞ்ச் டேப்பை எடுத்து, வாசல் ஷட்டரிலிருந்து அம்புக்குறி வரைக்கும் இரண்டு தடவையாக அளந்து பார்த்தார். எழுபத்தொரு இஞ்ச். ஆறடிக்கு ஓர் இஞ்ச் குறைவு. அளவு நோட்டில், ஒரு ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் சட்டைக்கும் ஒரு வாத்தியாரின் பேண்டுக்கும் நடுவே, '71' என்று எழுதிக்கொண்டார். அளந்ததை எழுதாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

அன்றைக்கு அவருக்கு நிம்மதிகூட இருந்தது. முன்னால் போனால் போகட்டும், பின்னால் பன்னிரண்டு அடி மிஞ்சும். மெஷினைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு, வெட்டுகிற மேசையைச் சுவரோடு ஒட்டினால் பிழைப்பு நடக்கும். அவருடைய தகப்பன் தேவசகாயம் சாகிற வரைக்கும் அடுத்தவன் வயலில்தான் நின்றார். சொந்தமென்று ஒரு சாண் இல்லை. அந்த வம்சத்தில் பட்டாவில் பேர் ஏறிய முதல் ஆள் ஏசுபாதம், ஏறிய முதல் இடம் இந்தக் கடை. பட்டாவை பைபிளுக்குள் வைத்திருந்தார், சங்கீதத்துக்கும் நீதிமொழிக்கும் இடையில்.

பிறகு நோட்டீஸ் வந்தது. அதில் '0.00.05' என்று போட்டிருந்தது. பஜாரே கூடி நின்று படித்தது.

"பூராவும் சைபர்தான், அண்ணாத்த. உன்னுது ஒண்ணும் போவாது" என்றார் சதாசிவம்.

"கடைசில அஞ்சு கீதே?"

"அஞ்சு இன்னா? அடியா, மீட்டரா?"

"அதாம்பா எனக்கும் புரியல."

தினம் ஒரு கணக்கு சொன்னார்கள். வக்கீல் குமாஸ்தா ஒருவர் வந்து ஹெக்டேர், ஏர்ஸ் என்று விளக்கிய பிறகு, புரிந்தவர்களுக்கும் புரியாமல் போனது. ஏசுபாதத்துக்குப் புரிந்தது நோட்டீசின் கடைசி வரி மட்டும்தான். நில அளவைக் குறிகளை அழித்தாலோ மாற்றினாலோ தண்டனைக்குரிய குற்றம். அந்த வரியை மட்டும் தடித்த எழுத்தில் அடித்திருந்தார்கள். பயமுறுத்துவதில் மட்டும் குழப்பமே வைக்க மாட்டார்கள்.

டிசம்பர் வந்தது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் வீட்டுக்கும் கடைக்கும் சுண்ணாம்பு அடிக்காமல் ரெபேக்காளால் இருக்க முடியாது. கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷத்தில் ஒரு வருஷம்கூட விட்டதில்லை. இருபத்து மூன்றாம் தேதி, புருஷன் யூனிஃபார்மைக் கொடுக்க அணுபுரம் போயிருந்த நேரத்தில், கடைச் சுவரைப் பழைய சுண்ணாம்பு போகச் சுரண்டி, நீலம் கலந்து இரண்டு கோட் அடித்து முடித்துவிட்டாள். ஏசுபாதம் திரும்பி வந்தபோது சுவர் ஞாயிற்றுக்கிழமைச் சட்டை மாதிரி பளிச்சென்று இருந்தது.

"அடியே, கோடு எங்க?"

"எந்தக் கோடு?"

"செவப்பா ஒண்ணு இருந்துச்சே, கவர்மெண்டு கோடு!"

ரெபேக்காள் வாளியைக் காட்டினாள். சுரண்டிய சுண்ணாம்புப் பொருக்கில் சிவப்புச் சிவப்பாகச் சில சில்லுகள் கிடந்தன. "ஊதிப்போன சொண்ணாம்பு மேல தீட்டிக்கீறான். சொரண்டினா கூடவேதான் வரும். நான் இன்னா பண்ணட்டும்? அழுக்கு சொவத்துலயா ஏசு பொறப்பாரு?"

மாட்டுத் தொழுவத்தில் பிறந்தவர்தானே என்று சொல்ல ஏசுபாதத்துக்கு அப்போது தோன்றவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு பேரூராட்சி ஆபீசுக்கு ஓடினார். சர்வேயர் ஜனவரி வரைக்கும் லீவு. கிளார்க் தலையைத் தூக்காமலே, "எழுதிக் குடுத்துட்டுப் போ, விசாரணை வைப்பாங்க" என்றார். விசாரணை என்றதும் எழுதிக் கொடுக்கிற கை மடங்கிவிட்டது. திரும்பி வந்தால் சதாசிவம் வேறு சேதி வைத்திருந்தார்.

"நாளைக்குப் பெரிய ஆபீசர் ரவுண்டு வராராம். கோடு இல்லேன்னா நீதான் அழிச்சேன்னு கேசாயிடும். பேஜாரு புடிச்ச வேலை. உனக்குத்தான் அளவு தெரியுமே, நீயே வெச்சுடு, அண்ணாத்த."

ஏசுபாதம் அளவு நோட்டைப் புரட்டினார். 71. சிவப்புப் பெயிண்ட் வாங்கிவந்து, டேப்பைப் பிடித்து, எழுபத்தொன்றில் பென்சிலால் ஒரு புள்ளியும் வைத்துவிட்டார். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் பிரஷ்ஷைத் தோய்த்ததும் கை நின்றது. டேப் பழசு, இழுபட்டிருந்தால்? சர்வேயர் வந்து அளக்கும்போது கவர்மெண்டு நிலம் ஒரு நூல் குறைந்தால், இவன் தன் பக்கம் தள்ளி வைத்துக்கொண்டான் என்றுதானே சொல்வார்கள்? தேவசகாயம் மகன் திருடிவிட்டான் என்று பஜாரில் பேச்சு வந்தால் எந்த முகத்தோடு சர்ச்சுக்குப் போவது? குறைச்சலாக வெட்டினால் ஒட்ட முடியாது, கூடுதலாக விட்டால் மடித்துக்கொள்ளலாம். முப்பது வருஷமாக அந்தக் கைக்குத் தெரிந்த நியாயம் அது ஒன்றுதான்.

உள்ளே தள்ளி ஒன்றரை இஞ்ச் விட்டார். எழுபத்திரண்டரையில் அம்புக்குறி போட்டார். முத்துசாமி போட்டதைவிட அழகாகவே வந்திருந்தது.

பெரிய ஆபீசர் மறுநாளும் வரவில்லை, அதற்கடுத்த நாளும் வரவில்லை.

பிப்ரவரியில் வந்தவர் முத்துசாமியும் இல்லை. அவருக்கு மாற்றலாகிவிட்டது. புது சர்வேயர் ஒருவர் டேப் வைத்து, அம்புக்குறி முதல் பின்சுவர் வரைக்கும் அளந்து எழுதிக்கொண்டு போனார். அடுத்த வாரம் பேரூராட்சி ஹாலில் விசாரணை. நில எடுப்புக்கென்று வந்திருந்த அதிகாரி, கண்ணாடி போட்ட பொறுமையான மனிதர், ஒவ்வொரு கடையாகக் கூப்பிட்டார்.

"ஏசுபாதம். மிச்சம் பதினொரு அடி பதினொன்றரை இஞ்ச். பன்னெண்டு அடிக்குக் குறைஞ்சா கடைக்கட்டடம் நிக்க விதியில்ல. அதனால முழுசும் எடுத்துக்கறோம்."

ஏசுபாதத்துக்கு முதலில் அது தனக்குச் சொன்னதாகவே படவில்லை. திரும்பி சதாசிவத்தைப் பார்த்தார். சதாசிவம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முழுசும்னா, சார்?"

"பதினெட்டடியும்தான். நஷ்டஈடு வரும்."

"சார், பன்னெண்டு அடி ஒரு இஞ்ச் மிச்சம் கீது, சார். எழுபத்தொண்ணுலதான் கோடு இருந்துச்சு. சொண்ணாம்பு அடிச்சதுல போயிடுச்சு. நான்தான் திருப்பிப் போட்டேன். போடறப்ப ஒன்றரை இஞ்ச் உள்ள வுட்டேன்."

சொன்ன பிறகுதான் ஏசுபாதத்துக்கு நோட்டீசின் கடைசி வரி ஞாபகம் வந்தது. குற்றத்தை அவர் வாயாலேயே ஒப்புக்கொண்டாயிற்று. விலங்கு போடுவார்கள் என்றுதான் நினைத்தார்.

அதிகாரி பேனாவை மூடி வைத்தார். "நீயே கோட்டை நகர்த்தினியா?"

"ஆமா, சார்."

"உள்ள?"

"ஆமா, சார்."

"உன் நிலத்தையே எங்களுக்குக் கூடுதலா விட்டுட்ட?"

"ஆமா, சார். ஒரு பாதுகாப்புக்கு."

அதிகாரி சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் மோசம். "நான் இந்த வேலைக்கு வந்து பத்தொன்பது வருஷம் ஆச்சு. கோட்டை நகர்த்தினவங்க நூறு பேரைப் பார்த்திருக்கேன். எல்லாரும் ரோட்டுப் பக்கம்தான் தள்ளுவாங்க. எவனாவது தன் வீட்டுப் பக்கம் தள்ளுவானாய்யா? பன்னெண்டு அடி விதியை இப்பக் கேள்விப்பட்டதும் அரை இஞ்சுக்குக் கதை சொல்ற."

"கதை இல்ல, சார். அன்னிக்கே நோட்டுல எழுதி வெச்சுக்கீறேன்." ஏசுபாதம் அளவு நோட்டை நீட்டினார். அதிகாரி அந்தப் பக்கத்தைப் பார்த்தார். மேலே மார்பு 26, கீழே இடுப்பு 34, நடுவே 71.

"இது யாரோட இடுப்பு?" என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிளார்க் கேட்டதும் ஹாலே சிரித்தது. சதாசிவமும் சிரித்துவிட்டார், பிறகு வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஆபீஸ்ல படம் இருக்குமே, சார். மொதல்ல வரைஞ்ச படம். அத்தப் பாருங்க, சார்."

"படத்தை வெச்சுத்தான் கோடு போட்டது. கோட்டை வெச்சுத்தான் அளந்தது. அளந்ததை வெச்சுத்தான் எழுதியிருக்கு. இதுல எங்க தப்பு வரும்?" அதிகாரி அதை மெய்யாகவே நம்பிச் சொன்னார். "போய்யா. கோட்டை அழிச்சேன்னு சொன்னதை நான் காதுல வாங்கல. உன் வயசுக்கு மரியாதை."

மரியாதை கொடுத்துக் கடையை எடுத்துக்கொண்டார்கள். வெளியே வேப்பமரத்தடியில் நின்றிருந்த ரெபேக்காளிடம் என்ன நடந்தது என்று ஏசுபாதத்தால் கோர்வையாகச் சொல்ல முடியவில்லை. குற்றம் செய்தேன் என்றாலும் நம்பவில்லை, செய்யவில்லை என்றாலும் நம்பப்போவதில்லை. அப்படியானால் தான் செய்ததுதான் என்ன? அவள் தன் தலையில் அடித்துக்கொண்டாள். "நான் சொண்ணாம்பு அடிக்காம இருந்திருந்தா..." என்று ஆரம்பித்து அழுதாள். வேட்டி நுனியால் அவள் கண்ணைத் துடைத்துவிட்டபோது அவர் கண்ணும் நிறைந்தது.

மே மாதம் இடித்தார்கள். சதாசிவத்துக்கு நாலடி போய் கடை நின்றது. ஏசுபாதம் மெஷினை வீட்டுக்குக் கொண்டுபோனார். அணுபுரம் அம்மாக்கள் வழி விசாரித்துக்கொண்டு அங்கேயும் வந்தார்கள். பிழைப்பு போகவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். இடம்தான் போனது. பட்டா இருந்த பக்கத்தில் பைபிள் கொஞ்ச நாளைக்குத் தானாகவே திறந்துகொண்டிருந்தது.

தார் போட்டு, ஓரத்தில் கால்வாய் கட்டி முடிக்க மூன்று வருஷமாயிற்று. பேரூராட்சி ஆபீசில் இருந்த முதல் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு கான்ட்ராக்டர் கால்வாயைக் கட்டினான். எந்தச் சுவரில் எந்தக் கோடு இருந்தது என்று அவனுக்கென்ன தெரியும்? 2001 டிசம்பரில் ஒரு சாயங்காலம், சர்ச்சிலிருந்து திரும்பும்போது ஏசுபாதம் கடை இருந்த இடத்தில் நின்றார். கால்வாய்க்குப் பின்னால் அது வெறுமனே கிடந்தது. எருக்கஞ்செடி முளைத்து, 'பேரூராட்சிக்குச் சொந்தமான இடம், அத்துமீறி நுழையாதீர்' என்று ஒரு பலகை. பின்சுவரின் அடிக்கல் மட்டும் அப்படியே இருந்தது.

கழுத்திலிருந்த டேப்பை எடுத்தார். சர்ச்சுக்குப் போனாலும் அது கழுத்தில்தான் கிடக்கும்.

"இன்னாயா, நடுத்தெருவுல?" என்றாள் ரெபேக்காள்.

"புடி. அந்தக் கல்லுமேல வெய்யி."

அவள் பலகையைப் படித்துவிட்டு, தயங்கி, பிறகு உள்ளே போய்க் குனிந்து பிடித்தாள். அறுபது, டேப்பின் முழு நீளம். அங்கே ஒரு குச்சி நட்டார். இன்னொரு அறுபது. இன்னொரு குச்சி. மிச்சம், கால்வாயின் கடைப்பக்க விளிம்பு வரைக்கும், இருபத்தைந்து.

நூற்று நாற்பத்தைந்து. பன்னிரண்டு அடி ஒரு இஞ்ச்.

ஏசுபாதம் மறுபடி அளந்தார். டேப் இழுபடவில்லை. அது ஒருநாளும் இழுபட்டதே இல்லை.

"சரியா கீதா?" என்று கல்லருகே இருந்து ரெபேக்காள் கேட்டாள்.

"சரியா கீது" என்றார். இதை யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவது என்று தெரியவில்லை. அளவு நோட்டு அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. எடுத்து அன்றைய பக்கத்தில் '145' என்று எழுதினார். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல், பேரூராட்சி நிலத்துக்குள் நிற்கிற பெண்டாட்டியை, யாராவது பார்ப்பதற்குள் வெளியே வரச்சொல்லிக் கைநீட்டினார்.