மனிதக் குரல், அழிக்கப்பட்டது

எங்கள் அலுவலகத்தில் சாம்பல் நிறத்துக்குத் தடை. இதைச் சொன்னால் வெளியாட்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

இயற்கையைப் பற்றி அரசாங்கமும் ஆராய்ச்சியாளர்களும் மலைபோலத் தகவல் சேர்த்து வைத்திருக்கிறார்கள். நிலத்தடி நீர் ஓரிடம், குகைகள் இன்னோரிடம், பறவையும் தவளையும் வேறெங்கோ. ஒரு விடுதிக்காரரோ வங்கிக்காரரோ அதைத் திறந்து பார்த்தால் கொட்டாவி விட்டபடி மூடிவிடுவார். தலைநகர் லுப்லியானாவில் ரயில் நிலையத்துக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு நாங்கள் அதையெல்லாம் ஒரே ஒரு நிறமாக ஆக்கித் தருகிறோம். நிலத்தின் எண்ணைச் சொன்னால் போதும். பச்சை வந்தால் கட்டலாம், மஞ்சள் வந்தால் யோசிக்கலாம், சிவப்பு வந்தால் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம். தகவல் இல்லாத இடத்தை முதலில் சாம்பலாகத்தான் காட்டினோம். அதற்குத்தான் வினை வந்தது.

எங்கள் தலைவி தீன்காரா என்னைவிட இளையவள், கெட்டவளில்லை, ஆனால் வாடிக்கையாளர் முகம் சுளித்தால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. ஒருநாள் என் மேசைக்கு வந்து நின்றாள்.

"யெர்னேயா, சாம்பல்னா என்ன அர்த்தம்னு ஒரு வங்கிக்காரர் கேக்குறார். தெரியாதுன்னு அர்த்தம்னேன். தெரியாததைச் சொல்றதுக்கு நீங்க எதுக்குன்னு கேட்டார்."

"தெரியலன்னு தெரிஞ்சுக்கிறதும் ஒரு தகவல்தான்னு சொல்லுங்க."

"நல்லா இருக்கு. அதையே நீங்க போய் வித்துட்டு வாங்க பாப்போம்."

நான் எங்கே விற்பேன். சாம்பல் ஒழிந்தது. தகவல் வராத நேரத்தில், கடைசியாக வந்த நிறமே நிற்கும் என்று முடிவானது. யாருக்கும் அது தவறாகப் படவில்லை, எனக்கும்தான்.

என் தம்பி கொராஸ்த் எங்கள் ஊர்ப் புல்வெளியின் ஓரத்தில் மரக்குடில்கள் கட்டியிருந்தான். அந்தப் புல்வெளி சில மாதம் புல்வெளி, சில மாதம் ஏரி. தரையில் இருக்கிற துளைகள் வழியாகத் தண்ணீர் மேலே வரும், பிறகு அதே துளைகள் வழியாக இறங்கிப் போகும். எங்களுக்கு அது பழகிப்போன விஷயம். தம்பியின் நிலம் மேட்டில் இருந்தது. அவன் குடில்களுக்குப் பின்னால் ஒரு துளை உண்டு என்றாலும், அதில் தண்ணீர் ஏறி யாரும் பார்த்ததில்லை. கடன் கொடுக்க வங்கி நிறம் கேட்டது. நான்தான் எடுத்துக் கொடுத்தேன். பச்சை. அந்தத் தாளைச் சட்டம் போட்டுக் குடிலின் சுவரில் மாட்டிவிட்டான் பைத்தியக்காரன்.

புல்வெளி நெடுகக் கம்பங்களில் எங்கள் ஒலிப்பெட்டிகள் இருக்கின்றன. தவளை, பூச்சி, பறவை எவ்வளவு கத்துகின்றன என்று கேட்டுக் கேட்டு அவை தகவல் அனுப்பும். சத்தம் செழிப்பாக இருந்தால் நிலம் செழிப்பு. ஆனால் மனிதர் பேசுவது அதில் பதியக் கூடாது, அது சட்டம். மனிதக் குரல் என்று பெட்டி முடிவு செய்தால் அந்த ஒலியை அங்கேயே அழித்துவிட்டு, "மனிதக் குரல், அழிக்கப்பட்டது" என்று ஒரு வரி மட்டும் அனுப்பும். அந்த நேரத்தில் வேறு ஒலி எதுவும் மிஞ்சாவிட்டால் பெட்டி பழுது என்று கணக்கு. பழுது என்றால் பழைய நிறமே நிற்கும்.

மே மாதக் கடைசியில் மேற்கே மலைகளில் விடாத மழை. எங்கள் புல்வெளியில் மட்டும் பளீரென்று வெயில். மதியம் யோத்தா சூப்பைக் குடித்துக்கொண்டே பெட்டிகளின் வரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேற்குக் கோடியில், பெரிய துளைக்குப் பக்கத்திலிருந்த பெட்டியில், தவளைச் சத்தம் சட்டென்று நின்றிருந்தது. கீழே அந்த வரி. மனிதக் குரல், அழிக்கப்பட்டது. மலையேறப் போகிறவர்கள் யாராவது நின்று பேசியிருப்பார்கள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் அடுத்த பெட்டியிலும் தவளை நின்றது. அதே வரி. பிறகு அதற்கடுத்த பெட்டி. பேசிக்கொண்டே ஒரு கூட்டம் புல்வெளியைக் கடந்து வருவது போலவும், அவர்கள் வர வர அங்கிருக்கிற உயிரெல்லாம் வாயை மூடிக்கொள்வது போலவும் இருந்தது.

கரண்டியைக் கீழே வைத்தேன். நாலாவது பெட்டி சேற்றுக்கு நடுவே நாணலில் இருக்கிறது. அங்கே எந்த மனிதனும் நடக்க முடியாது. அதோடு, முதல் பெட்டியில் பேச்சு இன்னும் நிற்கவில்லை. கூட்டம் நகரவில்லை, நீண்டுகொண்டே போனது. அது போகிற திசையில் கடைசியாக இருந்தது என் தம்பியின் நிலம். வரைபடம் முழுக்கப் பச்சை.

"தீன்காரா, இந்த அழிக்கிறதை நிறுத்திட்டு என்ன சத்தம்னு கேக்க முடியுமா?"

"அழிச்சதுக்கப்புறம் கேக்க என்ன இருக்கு? பெட்டிக்குள்ளயே போயிடுது. இனிமே வர்றதைக் கேக்கணும்னா சட்ட அனுமதி வேணும். யாரோ நடந்து போறாங்க, விடுங்க."

நான் விடவில்லை. தம்பிக்குப் போன் போட்டேன்.

"டேய், உன் பக்கம் ஆள் நடமாட்டம் இருக்கா?"

"நாளைக்குத்தான்க்கா முதல் விருந்தாளிங்க. இப்ப நான் மட்டும்தான். என்ன, ஆபீஸ்ல உக்காந்து தம்பிய வேவு பாக்குறியா?"

"தவளை கத்துதா?"

"என்னது?"

"தவளைடா. வெளிய வந்து காதைக் குடுத்துக் கேளு."

கதவு திறக்கிற சத்தம் கேட்டது. "கத்துது. கல்யாண வீடு தோத்துச்சு. ஏன், பேசணுமா, குடுக்கட்டா?"

"விளையாடாத. அது நின்னா வண்டிய எடுத்துக்கிட்டு ஊருக்குள்ள போயிடு."

"தவளை வாய மூடினா நான் ஓடணுமா? அக்கா, சுவத்துல பச்சை தொங்குது. நீ குடுத்த பச்சைதான். சாயங்காலம் வா, அவுரிநெல்லிச் சாராயம் எடுத்து வெச்சிருக்கேன்."

போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. மலையில் பெய்த மழை அடியில் வந்துகொண்டிருக்கிறது. தண்ணீர் கீழே ஏற ஏற, பாறைக்குள் இருக்கிற காற்றைத் துளைகள் வழியாக வெளியே தள்ளுகிறது. எங்கள் ஊர்த் துளைகள் மூச்சு விடும் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த மூச்சை இயந்திரம் மனிதப் பேச்சு என்று எடுத்துக்கொள்ளும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எச்சரிக்கையைப் பெட்டி ஒழுங்காகக் கேட்டு, சட்டப்படி ஒழுங்காக அழித்திருக்கிறது. சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன். வழியெல்லாம் போன் போட்டேன், அவன் எடுக்கவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது வெயில் இன்னும் புல்லின்மேல் கிடந்தது. காரின் கதவைச் சாத்தினேன். அந்தச் சத்தம் புல்வெளி முழுக்கக் கேட்டது, அவ்வளவு அமைதி. தவளை இல்லை. பூச்சி இல்லை. குருவிகூட இல்லை.

பிறகு பேச்சு கேட்டது.

பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பத்துப் பேர் பேசினால் எப்படி இருக்கும், அப்படி. ஏற்ற இறக்கம் தெரிகிறது, வார்த்தை தெரியவில்லை. காற்று என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் உடம்பெல்லாம் சிலிர்த்துப்போயிற்று. நான் நாலு அடி எடுத்து வைத்ததும் பேச்சு நின்றது. நம்மைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிற அறைக்குள் நுழைந்தால் நிற்குமே, அந்த மாதிரி. அப்புறம் மெதுவாக மறுபடி ஆரம்பித்தது.

கொராஸ்த் குடிலுக்குப் பின்னால் இருந்தான். தலையில் தீயணைப்புத் தொப்பி. எங்கள் ஊரில் உடம்பில் தெம்பிருக்கிற எல்லோரும் தீயணைப்புப் படையில் இருப்பார்கள், சம்பளம் கிடையாது, ஆனால் அதில் இல்லாதவனுக்கு மரியாதை கிடையாது. அவன் ஒரு வில்லோ மரத்தில் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். கயிற்றின் மறுமுனை அவன் இடுப்பில்.

"உள்ள யாரோ விழுந்துட்டாங்கக்கா. பேச்சு கேக்குது பாரு. கூப்பிட்டேன், பதில் வருது."

"அது காத்துடா. கீழ தண்ணி ஏறுது, காத்தை வெளிய தள்ளுது. கயித்த அவிழு, போலாம் வா."

"காத்துக்குப் பதில் சொல்லத் தெரியுமா?" அவன் துளைக்குள் குனிந்து கத்தினான். "எத்தனை பேர் இருக்கீங்க?"

முணுமுணுப்பு அடங்கியது. பிறகு கீழேயிருந்து நீளமாக, ஏறி இறங்கி, என்னவோ வந்தது. அதில் ஒரு பெண் குரல் இருந்தது என்று சத்தியம் பண்ணுவேன்.

"கேட்டியா?" என்றான்.

"எதிரொலி. மெஷினும் இதை மனுஷக் குரல்னுதான் நினைச்சுது. மெஷினுக்குத் தப்பாத் தெரிஞ்சிருக்கு."

"இப்ப மெஷின் தப்பு, நீ சரி. பச்சை காட்டினப்போ மெஷின் சரி. எதை நம்புறதுன்னு ஒரு தடவை முடிவு பண்ணிச் சொல்லு."

அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

"போகாதடா. கெஞ்சிக் கேக்குறேன்."

"ஒருவேளை ஆளா இருந்துட்டா? குரலக் கேட்டுட்டுக் காத்துன்னு திரும்பிப் போனவன்னு பேரெடுத்து நான் ஊர்ல எப்படித் தலை காட்டுறது?" என் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினான், சிரித்துக்கொண்டேதான். "பசங்களுக்குச் சொல்லிட்டேன், வந்துக்கிட்டு இருக்காங்க. நீ கயித்தைப் பாத்துக்கோ. அழுமூஞ்சி."

இறங்கினான். அவன் விளக்கின் வெளிச்சம் பாறையில் ஆடி ஆடிக் கீழே போயிற்று. துளையிலிருந்து குளிர்ந்த காற்று என் முகத்தில் அடித்துக்கொண்டே இருந்தது.

"தெரியுதா யாராவது?" என்று கத்தினேன்.

"இல்ல. ஆனா கிட்டதான் இருக்காங்க. அந்த வளைவுக்கு அந்தப் பக்கம்."

"வாடா மேல."

"இரு, ஒரு நிமிஷம். ஏதோ பேர் சொல்றாங்க."

அப்போது காற்று நின்றது. பேச்சும் நின்றது. எல்லாமே ஒரே நேரத்தில். அதுவரை அந்தப் பேச்சுக்குப் பயந்துகொண்டிருந்தவள், அது நின்றதும் அலறினேன். கயிறு ஒருமுறை விறைத்தது. பிறகு தொய்ந்தது. இழுத்தேன். அது லேசாக வந்தது. அதன் பின்னாலேயே தண்ணீர் வந்தது, பால் பொங்குகிற மாதிரி, சத்தமே இல்லாமல், அவசரமும் இல்லாமல். தீயணைப்பு வண்டி வந்தபோது நான் முழங்கால் நீரில் நின்று, ஏற்கெனவே முழுக்கக் கைக்கு வந்துவிட்ட கயிற்றை இன்னும் இழுத்துக்கொண்டிருந்தேனாம். எனக்கு அது நினைவில்லை.

முக்குளிப்பவர்கள் வந்தார்கள். கீழே பாதை மூன்றாகப் பிரிகிறது, எதற்கும் வரைபடம் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கொராஸ்த் கிடைக்கவில்லை. குடில்கள் ஜன்னல் வரை நீரில் நிற்கின்றன. மறுநாள் காலையிலும் அந்த நிலம் எங்கள் வரைபடத்தில் பச்சையாகவே இருந்தது. தீன்காரா அழுதுகொண்டே சாம்பலைத் திரும்பக் கொண்டுவந்தாள். வங்கிக்காரர் என்ன கேட்டாலும் கேட்கட்டும் என்றாள். நல்லது, சீக்கிரமே புத்தி வந்துவிட்டது.

அவன் நிலத்துப் பெட்டி மட்டும் மூழ்காமல் தப்பியது. கம்பத்தின் உச்சியில், தண்ணீருக்குமேல், சூரிய மின்சாரத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. தவளைகள் அந்தப் பக்கம் இன்னும் திரும்பவில்லை. சாயங்காலமானால் அதிலிருந்து ஒரு வரி வருகிறது. மனிதக் குரல், அழிக்கப்பட்டது. துளை முழுக்கத் தண்ணீர் நிரம்பிவிட்டது, இனித் தள்ளுவதற்கு உள்ளே காற்றே கிடையாது என்று நீர்த்துறைப் பொறியாளர் எழுதித் தந்துவிட்டார். ஏரியில் படகு விடவும் தடை, அங்கே ஆளும் கிடையாது.

சட்ட அனுமதி வாங்கிவிட்டாள் தீன்காரா. நான் சரி என்றால் அந்தப் பெட்டியில் மட்டும் அழிப்பதை நிறுத்திவிடலாம், சாயங்காலம் என்ன சொல்கிறது என்று கேட்டுவிடலாம். தினமும் காலையில் என் மேசைக்கு வந்து நிற்கிறாள்.

வெறும் காற்று என்றால் என் தம்பி ஒன்றுமில்லாததற்காகச் செத்தான். காற்றில்லை என்றால் அவன் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறான், குரலைக் கேட்டும் போகாதவள் நான். இரண்டில் எதையும் என்னால் தாங்க முடியாது.

"இன்னிக்காவது கேட்டுடலாமா, யெர்னேயா?"

"காத்துதான்," என்கிறேன். "விடுங்க."